பயண அட்டவணையை எழுதும் நைட்ரஜன்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஒரு குடும்பம் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்குப் போகத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, உயர்நிலை நான்கில் படிக்கும் அக்கா ஆகிய மூவரும் ஸ்கூபா முக்குளிப்பில் சான்றிதழ் பெற்றவர்கள். நான்கு இரவுகள் படகிலேயே தங்கி, மொத்தம் 14 முறை கடலில் இறங்கலாம். கடைசி நாளின் இரண்டாவது முக்குளிப்பு காலை 11 மணிக்கு முடிகிறது. படகு பிற்பகலில் கரைக்குத் திரும்பிவிடும்.

ஊர் திரும்ப இரண்டு விமானங்கள் இருக்கின்றன. அன்று மாலை 7 மணி விமானத்தில் கட்டணம் குறைவு. மறுநாள் நண்பகல் விமானத்தில் கட்டணம் கூடுதல். புக்கெட்டில் ஓர் இரவு தங்கும் செலவும் சேரும். எந்த விமானத்தில் இடம் பதிவு செய்வது?

பணத்தை மட்டும் பார்த்தால் மாலை விமானம்தான் சரி. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பணப்பை அல்ல, நம் உடலில் கரைந்திருக்கும் ஒரு வாயு. அதன் கணக்கைப் புரிந்துகொண்டால், படகுப் பயணத்தின் நேர அட்டவணை முழுவதையுமே வேறு கண்ணோடு படிக்கலாம்.

படகிலேயே ஏன் தங்க வேண்டும்?

இத்தகைய படகை ஆங்கிலத்தில் ‘லிவ்அபோர்ட்’ என்பார்கள். நாம் தங்குபடகு என்று சொல்லலாம். உறங்க அறைகள், சமையற்கூடம், காற்றுக் கலன்களை நிரப்பும் இயந்திரம் எல்லாம் அதிலேயே இருக்கும். பயணிகள் உறங்கும் நேரத்தில் படகு அடுத்த இடத்திற்கு நகரும். விடிந்ததும் எழுந்து நேராகக் கடலில் இறங்கலாம்.

சிமிலான் என்ற பெயர் மலாய் மொழியின் ‘செம்பிலான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒன்பது தீவுகள் என்பதால் அந்தப் பெயர். நெகிரி செம்பிலானில் இருக்கும் அதே ஒன்பதுதான். இந்தத் தீவுகள் தாய்லாந்துக் கரையிலிருந்து ஏறக்குறைய 60, 70 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலில் இருக்கின்றன. தினமும் கரையிலிருந்து போய் வந்தால் பாதி நாள் பயணத்திலேயே கழிந்துவிடும். தீவுகளில் இரவு தங்குவதற்கும் 2018-இல் தடை விதிக்கப்பட்டது. எனவே நெடுநேரம் முக்குளிக்க விரும்புவோருக்குத் தங்குபடகே வசதி.

டிசம்பர் மாதத்தில் தியோமானுக்கோ ரெடாங்கிற்கோ போகாமல் ஏன் அந்தமான் கடலுக்குப் போக வேண்டும்? அதற்கும் அறிவியல் காரணம் உண்டு. நவம்பர் முதல் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையைத் தாக்குகிறது. அங்குள்ள தீவு விடுதிகள் பெரும்பாலும் அப்போது மூடிக்கிடக்கும். அதே காற்றை நிலப்பகுதி மறைத்துக்கொள்வதால் மேற்கே அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். மே மாதத்திற்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிவிடும். சிமிலான் கடற்பூங்கா ஆண்டுதோறும் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுவது இதனால்தான்.

ஆக, எந்த மாதத்தில் எந்தக் கடல் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை இறங்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது அழுத்தம்.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம்

நம் தலைக்கு மேலே உள்ள காற்று முழுவதும் சேர்ந்து நம்மை அழுத்தும் அளவே ஒரு வளிமண்டல அழுத்தம். காற்றைவிட நீர் மிக அடர்த்தியானது. அதனால் கடலில் 10 மீட்டர் இறங்கினாலே இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடுகிறது. 10 மீட்டரில் 2 வளிமண்டலம், 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கொள்ளளவு பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். முக்குளிப்பாளருக்கு அது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல. 12 லிட்டர் கலனில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால், மேற்பரப்புக் கணக்கில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று கிடைக்கும். ஒருவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசித்தால் கரையில் 120 நிமிடங்களுக்குப் போதும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் இரு மடங்கு காற்று செலவாவதால் 60 நிமிடங்கள்தான் வரும். 30 மீட்டரில் 30 நிமிடங்கள். உண்மையில் முழுக் கலனையும் தீர்க்கக் கூடாது. மேலே வரவும் அவசரத்திற்கும் ஒரு பங்கை மீதம் வைக்க வேண்டும்.

முக்குளிப்புப் பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் விதியும் பாயிலிடமிருந்தே வருகிறது. நீருக்கடியில் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காக விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். தொடர்ந்து சுவாசித்துக்கொண்டே இருந்தால் அந்த ஆபத்து இல்லை.

பானப் புட்டியும் நம் உடலும்

ஒரு 100பிளஸ் புட்டியைப் பாருங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழிகள் தெரிவதில்லை. மூடியைத் திறந்த உடனே குமிழிகள் பொங்குகின்றன. அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமிலவாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது. ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அந்த வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தது என்று வில்லியம் ஹென்றி 1803-இல் கண்டறிந்தார்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். ஆக்சிஜனை உடல் பயன்படுத்திவிடுகிறது. நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை. அது இரத்தத்திலும் திசுக்களிலும் வெறுமனே கரைந்திருக்கும். கரையில் இருக்கும்போதும் நம் உடலில் ஓரளவு நைட்ரஜன் கரைந்துதான் இருக்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்காவதால், உடல் மெதுமெதுவாக அதைவிடப் பல மடங்கு நைட்ரஜனை வாங்கிக்கொள்ளத் தொடங்குகிறது.

நிதானமாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் திறந்த புட்டியின் கதைதான். இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் உருவாகும். மூட்டுவலி, தோலில் அரிப்பு, கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல், கடும் சோர்வு ஆகியவை வரலாம். தண்டுவடமோ மூளையோ பாதிக்கப்பட்டால் நடக்க முடியாமலும் போகலாம். இதுதான் அழுத்தக் குறைப்பு நோய். ‘பெண்ட்ஸ்’ என்பது அதன் பழைய பெயர்.

பாலமும் ஆடுகளும்

இந்த நோயை உலகம் முதலில் அறிந்தது முக்குளிப்பாளர்களிடம் அல்ல, அழுத்தப்பட்ட காற்றில் வேலை செய்த தொழிலாளர்களிடம். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்கடியில் அடித்தளம் தோண்ட, அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய பெரிய பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் இறங்கினார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் வலியில் துடித்தார்கள். சிலர் முடங்கினார்கள், சிலர் இறந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-இல் நோய்வாய்ப்பட்டார். அவருடைய மனைவி எமிலி கணிதமும் பொறியியலும் கற்று, கணவரின் கட்டளைகளைப் பணியிடத்திற்குக் கொண்டுசென்று, 1883-இல் பாலம் திறக்கும்வரை துணைநின்றார்.

காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் பால் பெர் 1878-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். எவ்வளவு மெதுவாக மேலே வந்தால் ஆபத்தில்லை என்பதைக் கணக்கிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவரும் உடன் ஆய்வாளர்களும் அழுத்த அறைக்குள் ஆடுகளை வைத்துச் சோதித்தார்கள். மூட்டுவலி வந்த ஆடு முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுவே அவர்களுக்கு அறிகுறி. 1908-இல் வெளியான அவர்களது அட்டவணைகளிலிருந்துதான் இன்றைய கணக்குகள் வளர்ந்தன.

அரைநேரம்: படிவத்தில் படித்த கணக்கு

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை, விடுவதுமில்லை என்பது ஹால்டேனின் முக்கியக் கருத்து. இரத்தம் நிறைய ஓடும் உறுப்புகள் விரைவாக வாங்கி விரைவாக விடும். கொழுப்பு, மூட்டு போன்றவை மெதுவானவை. கதிரியக்கத்தில் அரைஆயுள் படித்திருப்பீர்கள் அல்லவா? அதே போல இங்கே அரைநேரம். கூடுதலாகக் கரைந்துள்ள நைட்ரஜனில் பாதி வெளியேற ஆகும் நேரம் அது. ஹால்டேன் 5 நிமிடத்திலிருந்து 75 நிமிடம் வரை ஐந்து அரைநேரங்களைக் கொண்டு கணக்கிட்டார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மன் உருவாக்கிய கணக்குமுறையில் அது 635 நிமிடம் வரை நீண்டது.

இடையில் உள்ள ஒரு மெதுவான திசுவை எடுத்துக்கொள்வோம். அதன் அரைநேரம் 4 மணி என்று வைத்தால், கடைசி முக்குளிப்புக்குப் பிறகு அதில் மீதமிருக்கும் கூடுதல் நைட்ரஜன் இப்படிக் குறையும்:

1 மணி நேரத்தில்: 84 விழுக்காடு மீதம்
4 மணி நேரத்தில்: 50 விழுக்காடு
8 மணி நேரத்தில்: 25 விழுக்காடு
18 மணி நேரத்தில்: ஏறக்குறைய 4 விழுக்காடு
24 மணி நேரத்தில்: 2 விழுக்காட்டிற்கும் குறைவு

முதல் வரியைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் படகில் ஓய்வெடுத்தாலும் மெதுவான திசுவில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. அதற்குள் அடுத்த முக்குளிப்பு வந்தால், மிச்சத்தின் மேல் புது நைட்ரஜன் சேரும். கரையிலிருந்து போய் ஒருமுறை இறங்கி வருபவருக்கும் தங்குபடகில் நாளுக்கு நான்கு முறை இறங்குபவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். தங்குபடகுப் பயணி நைட்ரஜனைத் தினமும் கடனாக வாங்குகிறார். பழைய கடன் தீருமுன் புதுக் கடன் சேர்கிறது.

அட்டவணையை இப்போது படியுங்கள்

தங்குபடகின் ஒரு நாள் அட்டவணை பெரும்பாலும் இப்படி இருக்கும். காலை 7 மணிக்கு முதல் முக்குளிப்பு, அதுவே அன்றைய ஆழமானது. பிறகு பசியாறல். 11 மணி அளவில் இரண்டாவது. மதிய உணவும் சிறு தூக்கமும் முடிந்து 3 மணிக்கு மூன்றாவது. இருட்டியதும் ஆழம் குறைந்த இடத்தில் நான்காவது.

சாப்பாட்டிற்காக விட்ட இடைவெளி போலத் தோன்றும். உண்மையில் நைட்ரஜன் வெளியேற விட்ட இடைவெளியில்தான் சாப்பாட்டை வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு முக்குளிப்பாளரும் மணிக்கட்டில் ஒரு முக்குளிப்புக் கணினி அணிந்திருப்பார். அது ஆழத்தையும் நேரத்தையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அளந்து, பல திசுக்களின் நைட்ரஜன் கணக்கை ஒரே சமயத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். இன்னும் எத்தனை நிமிடம் அந்த ஆழத்தில் இருக்கலாம் என்று திரையில் காட்டும். மேலே வரும்போது நிமிடத்திற்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவது நல்ல வழக்கம். நேற்றைய கணக்கும் அதில் இருப்பதால், ஒருவரது கணினியை இன்னொருவர் மாற்றி அணியக் கூடாது.

பல படகுகளில் ‘நைட்ரொக்ஸ்’ என்ற கலவைக் காற்றும் கிடைக்கும். அதில் ஆக்சிஜன் 32 விழுக்காடு, நைட்ரஜன் 68 விழுக்காடு. 30 மீட்டர் ஆழத்தில் இந்தக் கலவையைச் சுவாசித்தால், சாதாரணக் காற்றோடு ஏறக்குறைய 24 மீட்டரில் இருப்பவர் வாங்கும் நைட்ரஜனே உடலில் சேரும். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அழுத்தம் கூடும்போது ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கலாம். அதனால் 32 விழுக்காட்டுக் கலவையோடு ஏறக்குறைய 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இதற்குத் தனிப் பயிற்சியும் தேவை.

விமானம் ஒரு மலை

விமானத்திற்கு வருவோம். பயணிகள் அமர்ந்திருக்கும் அறையில் தரைமட்ட அழுத்தம் இருப்பதில்லை. உயரப் பறக்கும்போது அது 0.75 வளிமண்டலம் வரை குறையலாம். ஏறக்குறைய 2,400 மீட்டர் உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். தரையில் அமைதியாக வெளியேறிக்கொண்டிருந்த நைட்ரஜனுக்கு, யாரோ புட்டியின் மூடியை இன்னும் கொஞ்சம் திருகியதைப் போன்றது அது.

முக்குளிப்பாளர் பாதுகாப்பிற்கான ‘டான்’ அமைப்பின் அறிவுரை இது. எளிய முக்குளிப்பு ஒன்று மட்டும் என்றால் விமானம் ஏற குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல முறை, அல்லது பல நாள் தொடர்ந்து முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று வர வேண்டிய ஆழமான முக்குளிப்புகளுக்கு அதைவிட நீண்ட நேரம் தேவை. பலரும் எளிதாக நினைவில் வைக்க 24 மணி நேரம் என்றே கடைப்பிடிக்கிறார்கள்.

இந்த விதி விமானத்திற்கு மட்டுமல்ல. சபாவின் சிப்பாடானில் முக்குளித்துவிட்டு அன்றே வண்டியேறி, 1,500 மீட்டருக்கு மேலே உள்ள கினபாலு பூங்காவிற்குப் போனாலும் நைட்ரஜனுக்கு வேறுபாடு தெரியாது. முதலில் மலை, பிறகு கடல் என்று திட்டமிட்டால் சிக்கல் இல்லை.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

தங்குபடகில் இடம் பதிவு செய்யும்போது பெரியவர்கள் விலையையும் அறையையும் பார்ப்பார்கள். அறிவியல் தெரிந்த நீங்கள் வேறு சில கேள்விகளைக் கேட்கலாம்.

எங்கள் சான்றிதழுக்கு இந்தப் பயணம் பொருந்துமா? தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு 18 மீட்டரும் அடுத்தநிலைக்கு 30 மீட்டரும் எல்லை. 10, 11 வயதினர் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. எல்லா இடமும் 25 மீட்டருக்குக் கீழே இருக்கும் பயணத்தில் பணம் கட்டிவிட்டுப் படகிலேயே உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் இருக்கிறதா? அறிகுறி தெரிந்த உடனே தூய ஆக்சிஜன் கொடுப்பதுதான் முதல் சிகிச்சை. அது நைட்ரஜன் விரைவாக வெளியேற உதவும். அதன்பின் நோயாளியை அழுத்த அறைக்குள் வைத்து, குமிழிகளைச் சுருக்கி, மெதுவாக அழுத்தத்தைக் குறைப்பார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் மலேசியாவில் லூமூட்டிலும் இத்தகைய வசதி உண்டு. போகும் இடத்தில் மிக அருகில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்தச் செலவைப் பயணக் காப்புறுதி ஏற்குமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

இரவில் விழித்திருந்து காவல் சுற்றுபவர் உண்டா? உறங்கும் தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருக்கின்றனவா? 2019 செப்டம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, கலிஃபோர்னியா அருகே ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவரும் காவலர் இல்லாததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கடுமையாகச் சுட்டியது. நடந்தது குளிர்ந்த கடலில் என்றாலும் பாடம் எல்லாக் கடலுக்கும் பொருந்தும்.

கடைசிக் கேள்வி: கடைசி முக்குளிப்பு எத்தனை மணிக்கு முடிகிறது?

அந்தக் குடும்பத்திற்கு அதன் விடை தெரியும்: காலை 11. மாலை 7 மணிக்கு விமானம் ஏறினால் 8 மணி நேரம்தான் ஆகியிருக்கும். நாம் கணக்கிட்ட மெதுவான திசுவில் கூடுதல் நைட்ரஜனில் கால் பங்கு இன்னும் இருக்கும். மறுநாள் நண்பகலில் ஏறினால் 24 மணி நேரத்திற்கும் மேல் ஆகிவிடும். மீதம் இரண்டு விழுக்காடுகூட இராது. கூடுதல் கட்டணம் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான். மாலை விமானம்தான் வேண்டும் என்றால், கடைசி நாள் இரண்டு முக்குளிப்பையும் விட்டுவிட்டு முந்தைய நாளோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு வழி.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. முதலில் கடைசி முக்குளிப்பின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மணியை எண்ணுங்கள். அதன் பிறகு விமானச்சீட்டு வாங்குங்கள்.